சேற்றின் மேல் விரித்த கம்பளம்

“தைப்பூசத்துக்கு அடுத்த சனிக்கிழமை, காலை. வானம் மூடாக்கு. காற்று இல்லை. மூன்று பேர் மட்டும். செருப்பு வண்டியில்.”

அன்று மலையடிவாரத்தில் நின்றபடி என் கைபேசிக் குறிப்பில் நான் தட்டி வைத்த வரிகள் இவை. எதையும் நாளும் கிழமையும் போட்டு எழுதி வைப்பது என் பழக்கம். ஷார்ஜாவில் ஒரு பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன், அந்தத் தொழிலோடு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. ஆனால் இந்த அனுபவத்தில் மட்டும் ஆண்டையும் இடத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. எங்களைக் காப்பாற்றிய குடும்பத்தார் தங்கள் ஊர் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

அந்தக் குறிப்பை எழுதிய அன்றைக்கே, உச்சி வெயில் ஏறுவதற்குள், என் வீட்டுக்காரர் என் கண் முன்னால் பூமிக்குள் போய்க்கொண்டிருந்தார். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. முருகனடியார்கள் பலரிடம் வாயால் சொல்லியிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

எங்களுக்குச் சொந்த ஊர் உடுமலைப் பக்கம். பழனிக்குப் பாதயாத்திரை போகிற வழக்கம் உள்ள குடும்பம். இங்கே வந்த பிறகு தை மாதத்தில் லீவு கிடைப்பதில்லை. எங்களைப் போலவே லீவு கிடைக்காத சிலர் சேர்ந்து, பூசத்துக்கு அடுத்த சனிக்கிழமை ராசல் கைமா பக்கத்து மலை ஒன்றில் ஏறுவதை வழக்கமாக்கிக்கொண்டோம். காவடி கிடையாது. கொட்டு கிடையாது. காவித் துண்டு கூடக் கட்டுவதில்லை. பார்க்கிறவர்களுக்கு மலையேற வந்த கூட்டம் மாதிரிதான் தெரியும். டப்பாவில் பஞ்சாமிர்தம், வாய்க்குள்ளேயே ஒரு அரோகரா. ஒன்றே ஒன்றை மட்டும் விடவில்லை. செருப்பை வண்டியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறுவோம். முருகன் மலை என்று நினைத்து ஏறுகிறோம், அப்புறம் எப்படிச் செருப்போடு ஏறுவது?

அந்த வாரம் நல்ல மழை. மழை நாளில் வாதிப் பக்கம் போகக் கூடாது என்பது இங்கே சட்டம். வாதி என்றால் மலையிடுக்கில் கிடக்கும் காட்டாறு. மழை நின்று இரண்டு நாளாகிவிட்டதே, தரை காய்ந்திருக்குமே என்று நாங்கள் நினைத்தோம். மற்றவர்கள் வரவில்லை. நான், என் வீட்டுக்காரர் தங்கவேல், எங்கள் மாடியிலேயே குடியிருக்கும் மாலதி அக்கா, இந்த மூன்று பேர்தான். அக்காவுக்கு மதுரை. கிளினிக் ஒன்றில் லேப் டெக்னீஷியன்.

என் வீட்டுக்காரருக்குக் கோயில் குளம் என்று பெரிய ஈடுபாடு எதுவும் இல்லை. ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் சேஃப்டி ஆபீசர். வருஷா வருஷம் எங்களுக்கு வண்டி ஓட்ட வருவார், அடிவாரத்தில் சீட்டைச் சாய்த்துத் தூங்குவார். அந்த வருஷம் ஆள் குறைவு என்று அவரும் இறங்கினார். ஷூவைக் கழற்றும்போது முனகிக்கொண்டே கழற்றினார்.

“சேஃப்டி ஷூ இல்லாம ஒருத்தனக் கேட்டுக்குள்ள உடமாட்டேன் நானு. இப்ப என்னயப் பாரு.”

“உங்கள யாருங்க கழட்டச் சொன்னது? நீங்க போட்டுட்டே வாங்க.”

“பொம்பளைங்க ரெண்டு பேரு வெறுங்காலோட நடக்க, நான் மட்டும் பூட்ஸ் மாட்டிட்டு வந்தா நல்லாவா இருக்கும்? நட புள்ள.”

மாலதி அக்கா சிரித்தாள். “அண்ணே, காலு வலிச்சா முருகான்னு கூப்பிடுங்க. வேற பேரச் சொன்னா இங்க வேலைக்காகாது.”

“கூப்புடலாம். அவனுக்கு இந்த ஊரு விசா இருக்குதான்னு மொதல்ல கேளு.”

இந்த நாட்டு மலையில் ஏறியவர்களுக்குத் தெரியும். மரம் இல்லை, மண் இல்லை. உடைந்த கல்தான். ஒவ்வொரு கல்லுக்கும் விளிம்பு உண்டு. பாதி ஏறும்போதே எனக்கு இரண்டு பாதத்திலும் ரத்தம். உச்சியில் ஒரு தட்டுப்பாறை. அதில் உட்கார்ந்து பஞ்சாமிர்தத்தை வைத்துக் கும்பிட்டோம். என் வீட்டுக்காரரும் ஒரு கை வாங்கிச் சாப்பிட்டார். “பேரீச்சம்பழம் கொஞ்சம் தூக்கலா இருக்குது” என்றார். அதுவரைக்கும் நல்ல நாள்.

இறங்க ஆரம்பித்துக் கொஞ்ச தூரம் வந்ததும் சத்தம் கேட்டது. லாரியில் கல் கொட்டுகிற மாதிரி, நிற்காமல். கீழே எட்டிப் பார்த்தோம். காலையில் நாங்கள் கடந்து வந்த வாதி அப்போது காய்ந்துதான் கிடந்தது. இப்போது அதில் பழுப்புத் தண்ணீர் புரண்டு ஓடியது. எங்கள் தலைக்கு மேல் ஒரு சொட்டு மழை இல்லை. பின்னால் உள்ள பெரிய மலையில் எங்கேயோ பெய்திருக்கிறது. வண்டி அக்கரையில் நின்றது. போனில் சிக்னல் இல்லை.

“அதுல கால வெக்கப்படாது” என்றார் அவர். குரலில் கேலி போயிருந்தது. “மறுபக்கம் எறங்கலாம். அங்க சின்னதா ஒரு அணை தெரியுது பாரு. அதத் தாண்டுனா மண்ரோடு.”

மறுபக்கம் இறங்கினோம். அது ஏறியதை விட மோசம். சில இடங்களில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே இறங்கினேன். கடைசியில் அணையின் பின்புறத்துக்கு வந்து சேர்ந்தோம். அணை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வாதித் தண்ணீரைத் தடுத்துத் தேக்குவதற்கு ஊருக்கு ஊர் கட்டியிருக்கும் கல்கரைதான். தண்ணீர் கரையோரத்தில் குட்டையாகக் கிடந்தது. மீதி இடமெல்லாம் ஒரே சமதளம், வெடித்துக் காய்ந்த களிமண். அதற்கு அந்தப்பக்கம் மண்ரோடு, கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

இரண்டு வழி இருந்தது. சமதளத்தைச் சுற்றிக்கொண்டு அதே கல் சரிவில் நடப்பது ஒன்று. குறுக்கே நடப்பது இன்னொன்று. காலில் செருப்பிருந்தால் சுற்றித்தான் போயிருப்போம். அதை இன்று உறுதியாகச் சொல்கிறேன். பாதம் கிழிந்து நின்ற எங்கள் மூன்று பேருக்கும் அந்தக் களிமண் தரை, சிமெண்டு பூசிய முற்றம் மாதிரி தெரிந்தது. மாலதி அக்கா ஓரத்தில் கால் வைத்துப் பார்த்துவிட்டு, “யாத்தா, எம்புட்டு சுகமா இருக்கு” என்றாள். ஒரு குச்சியால் என் வீட்டுக்காரர் குத்திப் பார்த்தார். இறங்கவில்லை.

“நான் முன்னால போறேன். என்ற தடத்துலயே மிதிச்சு வாங்க.”

நடுப்பகுதிக்கு வந்திருப்போம். அப்பளம் உடைகிற மாதிரி ஒரு சத்தம். நான் பார்க்கும்போது அவர் முழங்காலளவுக்கு நின்றார். ஒரு காலைத் தூக்க முயன்றார், மற்ற கால் தொடை வரை போனது. அதைத் தூக்கினார், இடுப்பு வரை போனார். நான் ஒரு அடி கூட எடுத்து வைக்கவில்லை. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நேற்று வரை பாலைவனம் என்று நான் நினைத்திருந்த நாட்டில், என் புருஷன் பாதி ஆளாக நின்றார்.

நூலகத்தில் இருப்பதால் நிறையப் படிப்பேன். மழை ஓயாத குளிர் தேசங்களில், மலைமேல் சதுப்புப் புல்வெளிகளைக் கடந்து நாள் முழுக்க நடப்பவர்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். கால் புதைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். படிக்கும்போது சுவாரசியமாக இருக்கும். இங்கே அது எனக்கு உதவும் என்று கனவிலும் நினைத்ததில்லை. அது ஒன்றுதான் அப்போது நினைவுக்கு வந்தது.

“ஏனுங்க, காலத் தூக்காதீங்க. மல்லாக்கச் சாயுங்க. கைய விரிச்சு வெய்யுங்க.”

அவர் சாய்ந்தார். இறங்குவது நின்றது. ஆனால் வெளியே வர முடியவில்லை. களிமண் அவரை இடுப்போடு கவ்விப் பிடித்திருந்தது. நான் குப்புறப் படுத்து என் துப்பட்டாவை அவரிடம் வீசினேன். இழுத்தேன். துப்பட்டா கிழிந்தது. மாலதி அக்கா என் காலைப் பிடித்துக்கொண்டு அவளும் படுத்திருந்தாள். எங்களுக்கு அடியிலும் தரை ததும்பியது.

அந்த நிலையிலும் அவர் பேசினார். “உன்ற முருகன் எனக்கு இடுப்பு வரைக்கும் சந்தனக்காப்பு சாத்திட்டானாட்ட இருக்குது.”

நான் அழுதேன். அவர் சிரிக்க முயன்றார். அப்போது அவர் பார்வை எனக்குப் பின்னால் போய் நின்றது. முகம் மாறியது. திரும்பிப் பார்த்தேன். சமதளத்தின் மேல் முனையில், வெடிப்புகளுக்குள் பழுப்பாக ஏதோ ஊர்ந்து வந்தது. தண்ணீர். காலையில் கடந்த அந்த வாதி, மலையைச் சுற்றிக்கொண்டு இந்த அணைக்குத்தான் வந்து சேர வேண்டும். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வேகமில்லை. அவசரப்படாத தண்ணீர். ஒரு வெடிப்பு நிரம்பியதும் அடுத்த வெடிப்பு. ஆனால் அது வந்து சேரும்போது மல்லாந்து கிடப்பவரின் காதுக்கு மேல் நிற்கும்.

“சாந்தி, நீ எந்திரிச்சுப் போ” என்றார் அவர். “மாலதி, அவளக் கூட்டிட்டுப் போ. ரோட்டுக்குப் போயி ஆளக் கூப்பிடுங்க.”

“அண்ணே, பேசாம படுங்க” என்றாள் அக்கா. “எங்கிட்டுப் போறது? சுத்தியும் இதே சேறுதான கெடக்கு.”

அப்போது நான் வேண்டினேன். வேண்டினேன் என்று சொல்வது சரியில்லை, சண்டை போட்டேன். சிறு வயது முதல் மனப்பாடமான பாட்டு எதுவும் வாயில் வரவில்லை. ஒரு வரி கூட வரவில்லை. வந்ததை அப்படியே எழுதுகிறேன், யாரும் தப்பாக நினைக்க வேண்டாம்.

“உனக்காகத்தானடா செருப்பக் கழட்டுனோம். உன்ற மலைன்னுதான ஏறுனோம். அவரு உன்னயக் கும்பிட்டதுகூட இல்ல, எனக்குத் தொணைக்கு வந்தவரு. அவரப் புடிச்சு வெச்சுட்டயே. எனக்கு மோட்சம் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவரு கையூண்டறதுக்கு ஒரு பலகை குடு. ஒரே ஒரு பலகை. இல்லைன்னா என்னையும் எடுத்துக்க.”

சேற்றில் முகத்தை வைத்துக்கொண்டு இதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். எத்தனை முறை என்று தெரியாது. எதையும் எண்ணி எழுதி வைக்கும் எனக்கு அந்தச் சிறிது நேரத்தின் கணக்கு மட்டும் இல்லை.

மாலதி அக்கா என் காலை உலுக்கினாள். “சாந்தி. வண்டி. அங்க பாரு, வண்டி.”

மண்ரோட்டில் ஒரு வெள்ளை லேண்ட் குரூசர் வந்து நின்றது. கதவு திறந்து கருப்பு அபாயா அணிந்த ஒரு வயதான அம்மா இறங்கினார். அவர் பின்னால் கந்தூரா என்ற நீள அங்கியில் நடுவயது மகன், மருமகள். மழைக்குப் பின் அணைத் தண்ணீரைப் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்புவது இங்கத்து மக்களுக்கு ஒரு விழா மாதிரி. தண்ணீர் பார்க்க வந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள்.

மகன் கையைக் காட்டி இந்தியில் கத்தினார். “ஹில்னா நஹீ. அப்படியே இருங்க. ஹில்னா நஹீ.”

அந்த அம்மா அவரைப் போல் கத்தவில்லை. வண்டியின் பின்கதவைத் திறந்து, உள்ளே சுருட்டிக் கிடந்த பெரிய கம்பளத்தை இழுத்துத் தரையில் தள்ளினார். பிக்னிக் போனால் விரித்து உட்காருவதற்கு அவர்கள் கொண்டு வரும் சிவப்புக் கம்பளம். அதற்குப் பின் பாய். அதற்குப் பின் சாய்ந்துகொள்ளும் நீள மெத்தைகள். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டபடி மகனைப் பார்த்து, “யல்லா, யல்லா” என்று அவசரப்படுத்தினார். அந்த வீட்டில் யார் சொல்வது நடக்கும் என்பது எனக்கு அப்போதே புரிந்தது.

மகன் கந்தூராவைத் தூக்கி இடுப்பில் முடிந்துகொண்டார். கரையிலிருந்து மெத்தைகளை ஒன்றன் முன் ஒன்றாகப் போட்டு, அவற்றின் மேல் வயிற்றால் ஊர்ந்து வந்தார். கடைசியில் கம்பளத்தை அவரும் நானும் சேர்ந்து என் வீட்டுக்காரரின் முதுகுப் பக்கம் விரித்தோம். அவர் இரண்டு முழங்கையையும் அதன் மேல் ஊன்றினார்.

நான் பலகை கேட்டேன். கம்பளம் வந்தது.

வண்டியில் கட்டிய கயிற்றின் மறுமுனையை அவர் அக்குளுக்குக் கீழே கட்டினார்கள். மருமகள் வண்டியில் ஏறி ஸ்டியரிங் முன் உட்கார்ந்ததைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்குள் இருந்த சேஃப்டி ஆபீசர் விழித்துக்கொண்டார். “வண்டியால இழுக்காதீங்க, இடுப்பு போயிரும். கையால இழுங்க. பாய், ஹாத் சே, ஹாத் சே.”

மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “டீக் ஹை, இன்ஜினியர் சாப். ஷ்வை ஷ்வை.” மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம்.

கையால்தான் இழுத்தோம். ஒரு விரற்கடை, அப்புறம் இன்னொன்று. களிமண் அவரை விட மனமில்லாமல் விட்டது. முதலில் இடுப்பு, பிறகு தொடை. கடைசியாகப் பாதம் வெளியே வந்தபோது, பெரிய வாய் ஒன்று திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மெத்தைகளின் மேல் நாங்கள் எல்லோரும் ஊர்ந்து கரை சேர்ந்தோம். திரும்பிப் பார்த்தால் தண்ணீர் கம்பளத்தின் ஓரத்தைத் தொட்டிருந்தது. சிவப்புக் கம்பளம் சற்று நேரம் மிதந்தது. பிறகு அமிழ்ந்தது. நாங்கள் கிடந்த இடம் ஒரே பழுப்பு ஏரியாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பல் கிடுகிடுவென்று அடித்தது. மாலதி அக்கா அவர் காலை அழுத்தி அழுத்தி, “உணர்ச்சி இருக்காண்ணே, இங்க இருக்கா” என்று கேட்டாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அத்தனை நேரம் கேலி பேசிய மனுஷன், ஆபத்து போன பிறகு ஊமையானார். எனக்கு அதுதான் அதிகப் பயமாக இருந்தது.

அந்த அம்மா என்னை உட்கார வைத்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரை என் பாதத்தில் ஊற்றிக் கழுவினார். நான் காலை இழுத்துக்கொண்டேன். அவர் விடவில்லை. வெட்டுக்களைப் பார்த்துவிட்டு மகனிடம் ஏதோ கேட்டார். மகன் இந்தியில் கேட்டார், “உங்க செருப்பெல்லாம் எங்கே என்று அம்மா கேட்கிறார்.”

மறைக்கத் தோன்றவில்லை. சாமிக்காகக் கழற்றினோம் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் அம்மாவிடம் அதை அரபியில் சொன்னார். அந்த அம்மா என்னை நேராகப் பார்த்து நிதானமாகப் பதில் சொன்னார். மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்.

“நாங்களும் தொழப் போனால் செருப்பைக் கழற்றுவோம், ஆனால் வாசலில்தான் கழற்றுவோம், மலையில் இல்லை என்கிறார்.”

பிறகு எங்கள் மூன்று பேருக்கும் காவா என்ற அரபிக் காப்பியும் பேரீச்சம்பழமும் தந்தார்கள். மகன் வேறு பாதையில் சுற்றி அழைத்துப் போய் எங்களை எங்கள் வண்டியில் சேர்த்தார். அவர் பெயர் சயீத். இந்த அளவுக்குச் சொல்ல அனுமதி தந்திருக்கிறார்.

அடுத்த மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனோம். ஒரு கம்பளம் வாங்கிக்கொண்டு போனோம். அந்த அம்மா அதை வாங்கவில்லை. அது தண்ணீருக்கென்று எழுதி வைத்திருந்த கம்பளம், அதற்குப் பதில் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கையில் கொண்டு போன பஞ்சாமிர்தத்தை மட்டும் வாங்கி, எங்கள் முன்னாலேயே கொஞ்சம் சாப்பிட்டார். என் வீட்டுக்காரர் கேட்காமலேயே குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். எங்கள் கல்யாணத்தில் கூடப் பெரியவர்கள் சொல்லித்தான் அவர் குனிந்தார்.

இப்போது அவர் மாறிவிட்டார் என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன். கேலி திரும்பி வந்துவிட்டது. ஆனால் காலையில் டூட்டிக்குக் கிளம்பும் முன் சாமி படத்துக்கு முன் ஒரு நிமிஷம் நிற்கிறார். என்ன வேண்டுகிறார் என்று நான் கேட்டதில்லை. நானும் மாறியிருக்கிறேன். இப்போது பூசத்து மலைக்கு எல்லோரும் ஷூ போட்டுத்தான் ஏறுகிறோம். மழை பெய்த வாரத்தில் போவதே இல்லை. உச்சித் தட்டுப்பாறையில் மட்டும் கழற்றி வைத்துக் கும்பிடுகிறோம். முருகனுக்கு என் ரத்தம் தேவைப்படவில்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது. கூப்பிட்ட குரல் மட்டும் அவனுக்குப் போதுமாக இருந்தது, அதுவும் திட்டிக் கூப்பிட்ட குரல்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இன்று இடுப்பளவு சேற்றில் நிற்கலாம். நோயாக இருக்கலாம், வேலை போனதாக இருக்கலாம், வீட்டுக்குள் சொல்ல முடியாத ஒன்றாக இருக்கலாம். அழகான வார்த்தை வரவில்லையே, முறையாக விரதம் இருக்கவில்லையே என்று தயங்காதீர்கள். வாயில் வருவதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். சண்டை போட்டுக்கூடக் கூப்பிடுங்கள். நீங்கள் கேட்ட பொருளே வராமல் போகலாம். வேறு ஏதோ ஒன்று, நீங்கள் நினைக்காத கையிலிருந்து வரும். நம்புங்கள்.

கடைசியாக ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். அன்று சயீத் குடும்பம் அந்தச் சின்ன அணையைப் பார்க்கக் கிளம்பவில்லை. அவர்கள் போக இருந்தது மலைக்கு அப்பால் உள்ள பெரிய அணைக்கு. ரோடு பிரியும் இடத்தில் மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒரு ஆள் நின்று, அந்தப் பக்கம் வழி இல்லை, இந்தப் பக்கம் போங்கள் என்று கைகாட்டித் திருப்பிவிட்டதாக சயீத் சொன்னார். அவர்கள் வீட்டிலிருந்து திரும்பும் வழியில், அதே பிரிவில் இருக்கும் பெட்டிக்கடையில் வண்டியை நிறுத்தி விசாரித்தேன். கடைக்காரர் மலையாளி. நன்றாக யோசித்துவிட்டு, அன்று பெரிய அணை ரோடு பகல் முழுக்கத் திறந்துதான் இருந்தது, அங்கே யாரும் நிற்கவில்லை என்றார். ஒருவேளை அவர் கடைக்குள் வேலையாக இருந்து கவனிக்காமல் விட்டிருக்கலாம். சயீத் வேறொரு பிரிவை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். ரோட்டு வேலை ஆள் ஒருவர் சற்று நேரம் மட்டும் நின்றுவிட்டுப் போயிருக்கலாம். அதற்குப் பிறகும் இரண்டு முறை போய் அக்கம்பக்கத்தில் கேட்டுவிட்டேன். அந்த ஆளைப் பார்த்ததாகச் சொல்ல வேறு யாரும் கிடைக்கவில்லை. அப்படி ஒருவர் அங்கே நின்றாரா, நின்றிருந்தால் யார் என்பது, இதை எழுதும் இந்த நாள் வரை உறுதி செய்யப்படவில்லை.